வீட்டிலேயே செய்யும் சண்டைச் சீட்டு விளையாட்டு: விதி எழுத உட்காருவோர் கேட்கும் கேள்விகள்

நானும் அண்ணன் பிள்ளைகளும் ஒரு மே மாத லீவில் 'அடிதடி' என்று ஒரு சீட்டு விளையாட்டைச் செய்தோம். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒருவரை ஒருவர் சீட்டால் அடித்துக்கொள்வது, கடைசியில் நிற்பவருக்கு வெற்றி, அவ்வளவுதான். அதை ஆடிப் பார்த்தவர்கள் நாங்களும் ஒன்று செய்கிறோம் என்று கிளம்பினார்கள். கிளம்பியவர்கள் எல்லாரும், வயது வித்தியாசமே இல்லாமல், கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலித்ததால் இங்கே மொத்தமாக எழுதிவிட்டேன்.

அண்ணா, எங்கிட்ட நாற்பது வீரர்களோட பேர், படம், பவர் எல்லாம் ரெடி. அடுத்து என்ன?

அதையெல்லாம் ஒரு கவரில் போட்டு ஓரமாக வையுங்கள். வீரனும் படமும் கடைசியில் வரவேண்டியவை. முதலில் ஒரு வெள்ளைத் தாளில் மூன்று விஷயம் எழுதவேண்டும்: யார் யாரை அடிக்கலாம், ஒரு முறையில் எத்தனை தடவை அடிக்கலாம், விழுந்தவர் என்ன செய்வார். இந்த மூன்றும் தெளிவாக இருந்தால் வெறும் எண் எழுதிய துண்டுச் சீட்டை வைத்தே ஆட்டம் சூடுபிடிக்கும். இல்லாவிட்டால் எவ்வளவு அழகான படம் இருந்தாலும் பத்தாவது நிமிடம் ஒருவன் எழுந்து டிவி பார்க்கப் போய்விடுவான்.

சின்ன வயதில் மல்யுத்த வீரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு ஆடியவர்களுக்கு இது தெரியும். உயரம், எடை, ரேங்க் என்று எண்களைச் சொல்வோம், பெரிய எண் வைத்திருப்பவருக்குச் சீட்டு. படத்துக்காகத்தான் ஆடினோமே தவிர அதில் யோசிக்க ஒன்றுமில்லை, நல்ல சீட்டு கையில் வந்தால் ஜெயிப்போம். நீங்கள் செய்வது இன்னொரு டிரம்ப் கார்டாக இருக்கக்கூடாது என்றால் பவரைத் தள்ளிவைத்துவிட்டு விதியிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

ஆளுக்கு ஒரு கட்டா, எல்லாருக்கும் பொதுவா ஒரே கட்டா?

பொதுக் கட்டு. 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய 'மேஜிக்: த கேதரிங்' என்ற சண்டைச் சீட்டு விளையாட்டு வந்தபிறகு ஆளுக்கொரு கட்டு என்பதுதான் பலர் மனதில் இருக்கிறது. அதில் ஒரு கட்டுக்குக் குறைந்தது 60 சீட்டு. நாலு பேருக்கு 240 சீட்டு, அத்தனையும் நீங்கள் கையால் எழுதவேண்டும், அத்தனையும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவேண்டும். முதல் விளையாட்டிலேயே அது வேண்டாம்.

பொதுக் கட்டில் இன்னொரு வசதி, ஏதாவது ஒரு சீட்டு அநியாயமாக இருந்தால் அது எல்லார் கைக்கும் வர வாய்ப்பு இருக்கிறது, அதனால் சண்டை கொஞ்சம் குறையும்.

எத்தனை உயிர், எத்தனை சீட்டு, ஒரு முறையில என்னென்ன செய்யலாம்?

எங்கள் கணக்கைச் சொல்கிறேன், உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். ஆளுக்கு 10 உயிர், தொடக்கத்தில் கையில் 5 சீட்டு. உங்கள் முறை வந்தால் 2 சீட்டு எடுங்கள், வேண்டிய சீட்டுகளை இறக்குங்கள், ஆனால் அடி மட்டும் ஒன்றே ஒன்று. முறை முடியும்போது கையில் 5-க்கு மேல் இருந்தால் மீதியைக் கழித்துவிடவேண்டும். அடி வாங்குபவர் அவர் முறை இல்லாவிட்டாலும் தடுப்புச் சீட்டு போடலாம்.

உயிரை எண்ணப் புளியங்கொட்டை. பல்லாங்குழி இருக்கும் வீட்டில் சோழியும் கிடைக்கும். எண் சின்னதாக இருப்பது முக்கியம். 'யூ-கி-ஓ!' விளையாட்டில் ஆளுக்கு 8000 உயிர்ப்புள்ளி, அதைப் பார்த்து ஒரு பையன் தன் விளையாட்டிலும் 8000 வைத்தான், பாதி நேரம் கால்குலேட்டரில்தான் போனது. கொட்டையை எடுத்து எதிரே தள்ளும்போது வரும் வலி கால்குலேட்டரில் வராது.

60 சீட்டை எப்படிப் பிரிக்கிறது?

எங்கள் பொதுக் கட்டில் மொத்தம் 60 சீட்டு: 24 அடி, 16 தடுப்பு, 4 மருந்து, 16 வித்தை. அடியில் 10 சீட்டுக்கு பலம் 1, 8 சீட்டுக்கு 2, 4 சீட்டுக்கு 3, மீதி இரண்டுக்கு 4. கூட்டி வகுத்தால் ஓர் அடிக்குச் சராசரி 2-க்குக் கொஞ்சம் கீழே. தடுப்பு எந்த அடியையும் முழுசாகத் தடுக்கும். மருந்து 2 உயிர் தரும். வித்தையில் நாலு வகை, ஒவ்வொன்றும் நாலு: தள்ளிவிடு (வந்த அடியைப் பக்கத்தில் இருப்பவருக்கு அனுப்பு), பறி (பார்க்காமல் ஒரு சீட்டு உருவு), சுழற்றி அடி (மற்ற எல்லாருக்கும் 1), முட்டி மோது (உனக்கும் எதிராளிக்கும் ஆளுக்கு 2).

அடி ஏன் அவ்வளவு என்றால், 5 சீட்டு கொண்ட முதல் கையில் ஓர் அடிகூட இல்லாமல் போக 7 சதவீத வாய்ப்பு. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் நாலு பேர் ஆடும்போது அந்த நாலில் யாராவது ஒருவருக்கு அப்படி நேர்வது கிட்டத்தட்ட நாலு ஆட்டத்துக்கு ஒரு தடவை. நாங்கள் முதலில் 15 அடிதான் வைத்திருந்தோம். அதில் ஒவ்வொருவருக்கும் 22 சதவீதம், ஏறக்குறைய மூன்று ஆட்டத்துக்கு இரண்டில் யாராவது ஒருவர் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். 24 ஆக்கியபிறகும், முதல் கையில் அடியே இல்லாதவர் அதைத் திறந்து காட்டிவிட்டு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு விதி சேர்த்தோம்.

எதுல செய்யிறது? பிரிண்ட் போடணுமா?

வேண்டாம். பழைய சீட்டுக்கட்டின் மேல் துண்டுத்தாள் ஒட்டுங்கள், அல்லது பிளாஸ்டிக் உறைக்குள் சீட்டையும் தாளையும் சேர்த்துச் செருகுங்கள். பென்சிலில் எழுதுங்கள், எப்படியும் அழிப்பீர்கள். மெல்லிய தாள் மட்டும் வேண்டாம், ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் பின்னாலிருந்து எழுத்து தெரியும். இதைக் கண்டுபிடித்தவன் மூன்று ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தபிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

கலைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 52 சீட்டை இரண்டாகப் பிரித்துச் சரசரவென்று கோத்துக் கலைத்தால் ஏழு தடவை வேண்டும் என்று டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற கணிதக்காரர்கள் 1992-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒட்டிய சீட்டில் அந்தச் சரசர வேலை நடக்காது, அதனால் பாயில் கொட்டி இரண்டு கையாலும் நன்றாகப் பிசைந்து அள்ளுங்கள்.

ஒரு ஆட்டம் எவ்வளவு நேரம் ஓடும்னு முன்னாடியே தெரியுமா?

தோராயமாகத் தெரியும். நாலு பேரில் மூவர் விழவேண்டும், அதாவது 30 உயிர் போகவேண்டும். ஓர் அடி சராசரி 2. ஒருவர் ஒரு சுற்றில் 2 சீட்டு எடுக்கிறார், 60-இல் 16 தடுப்பு என்பதால் அந்த இரண்டில் சராசரி அரைச் சீட்டு தடுப்பாக இருக்கும். ஒரு சுற்றில் அவர் சராசரி ஓர் அடி வாங்குகிறார். ஆக பாதி அடி தடுக்கப்படுகிறது, ஒரு முறைக்கு 1 உயிர் போகிறது, 30 முறையில் ஆட்டம் முடியும். ஒரு முறைக்கு 45 நொடி என்றால் இருபத்திரண்டரை நிமிடம்.

மருந்து இந்தக் கணக்கை எப்படிக் கெடுக்கும் என்று பாருங்கள். முதலில் நாங்கள் 8 மருந்து வைத்தோம். ஒரு முறைக்குச் சராசரி அரை உயிர் திரும்பி வந்தது, போவது ஒன்று வருவது அரை, ஆட்டம் இரண்டு மடங்கு நீண்டு முக்கால் மணி நேரம் இழுத்தது. மருந்து நல்லதுதானே என்று எல்லாரும் நிறைய வைக்கிறார்கள். நாலாகக் குறைத்ததும் அரை மணிக்கு வந்தது, அத்தோடு விட்டுவிட்டோம்.

மானா, எனர்ஜி மாதிரி ஒண்ணு வேணாமா? எல்லாப் பெரிய விளையாட்டிலும் இருக்கே.

மானா, எனர்ஜி என்பது சீட்டை இறக்கக் கொடுக்கவேண்டிய விலை. பெரிய சீட்டை முதல் முறையிலேயே போட்டுவிடக்கூடாது என்பதற்காகத்தான் அது. 'மேஜிக்'கில் அதற்கு நிலச் சீட்டு என்று தனியாக உண்டு, அது கைக்கு வராமல் போனால் ஒன்றும் செய்யமுடியாமல் தோற்பீர்கள், நிறைய வந்தாலும் தோற்பீர்கள். 2014-இல் வந்த 'ஹார்த்ஸ்டோன்' என்ற கணினிச் சீட்டு விளையாட்டு அந்தத் தலைவலியே வேண்டாம் என்று முறைக்கு ஒன்றாக, 10 வரை, தானாக ஏறும்படி வைத்தது.

உங்கள் விளையாட்டில் மிகப் பெரிய அடியே 4 என்றால் இரண்டுமே தேவையில்லை. முறைக்கு ஓர் அடி என்ற கட்டுப்பாடு போதும்.

யாரை வேணும்னாலும் அடிக்கலாம்னு வச்சா என்ன தப்பு? அதுதானே ஜாலி?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். முதல் அடி யார் மேலாவது சும்மா விழும். இப்போது அவர் உயிர் குறைவு, சீக்கிரம் முடித்துவிடலாம் என்று அடுத்தவரும் அவரையே அடிப்பார். மூன்றாமவரும் அப்படித்தான். ஒரு சுற்றில் மூன்று அடி, கையில் இருந்த தடுப்பு தீர்ந்தபிறகு எடுக்கிற தடுப்போ அரைச் சீட்டு, மேலே சொன்ன கணக்குப்படி சுற்றுக்கு 4, 5 உயிர் போகும். இரண்டு மூன்று சுற்றில் ஆள் காலி. ஏழெட்டு நிமிடத்தில் வெளியே போய், மீதி இருபது நிமிடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். எங்கள் வீட்டில் அது ஒவ்வொரு தடவையும் கடைக்குட்டியாகவே இருந்தது, ஏனென்றால் அவன்தான் திருப்பித் திட்டமாட்டான்.

இதில் சீட்டின் மேல் குற்றமில்லை. இரண்டு பேர் ஆடும் விளையாட்டில் எதிரி யார் என்பது கேள்வியே இல்லை, நாலு பேர் ஆடும்போது அதுதான் முழு விளையாட்டும். அதனால் இடது, வலது என்று பக்கத்தில் இருப்பவர்களை மட்டும் அடிக்கலாம் என்று வைத்தோம். ஒருவருக்கு ஒரு சுற்றில் அதிகபட்சம் இரண்டு பேரிடமிருந்துதான் அடி வரும், அந்த இரண்டு பேரும் தங்கள் மறுபக்கத்தைப் பார்த்துப் பயப்படவேண்டும். நடுவில் ஒருவர் விழுந்தால் அடுத்தவர் பக்கத்து ஆளாகிவிடுவார், அதனால் யாரை விழவைக்கிறோம் என்பதிலும் யோசனை வந்துவிட்டது.

2002-இல் இத்தாலிக்காரர் எமிலியானோ ஷாரா செய்த 'பாங்!' விளையாட்டில் இதையே இன்னும் நுணுக்கமாக வைத்திருக்கிறார்: உட்காரும் இடம்தான் தூரம், சாதாரணத் துப்பாக்கி பக்கத்து ஆள்வரைதான் பாயும், நல்ல துப்பாக்கிச் சீட்டு கிடைத்தால் தள்ளி இருப்பவரையும் சுடலாம். முறைக்கு 2 சீட்டு, ஒரே அடி என்பதும் நாங்கள் அங்கிருந்து சுட்டதுதான், மறைக்க ஒன்றுமில்லை.

நாங்க மூணு பேர்தான். யாரும் யாரையும் அடிக்கவே மாட்டேங்குறாங்க, சும்மா சீட்டைச் சேர்த்துக்கிட்டே இருக்காங்க.

மூன்று பேர் என்றால் எல்லாரும் எல்லாருக்கும் பக்கத்து ஆள், முந்தைய பதில் உதவாது. இரண்டு பேர் அடித்துக்கொண்டால் மூன்றாமவர் முழு உயிரோடு வந்து அள்ளிக்கொண்டு போவார், ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இது எல்லாருக்கும் தெரிவதால் யாரும் முதலில் கை நீட்டமாட்டார்கள். அவர்கள் ஆடுவது சரிதான், உங்கள் விதிதான் சும்மா இருப்பவருக்குப் பரிசு தருகிறது.

இரண்டு மாற்றம் செய்யுங்கள். ஒன்று, இடது பக்கம் மட்டுமே அடிக்கலாம். இரண்டு, அடி பட்டால், அதாவது தடுக்கப்படாமல் உயிர் போனால், அடித்தவர் கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுத்துக்கொள்ளலாம். அடிப்பதில் லாபம் வந்ததும் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் வீரர்கள் ஆகிவிட்டார்கள். இரண்டாவது மாற்றத்தை நாலு பேர் ஆட்டத்திலும் வைத்துப் பார்த்தோம், முன்னால் இருப்பவர் இன்னும் முன்னால் போனார், எடுத்துவிட்டோம்.

அவுட் ஆனவன் என்ன பண்றது? தம்பி அழுதுட்டான்.

நம் ஊர் விளையாட்டில் இதற்கு ஏற்கெனவே வழி இருக்கிறது: ஒப்புக்குச் சப்பாணி. சின்னப் பிள்ளையையும் ஆட்டத்தில் சேர்ப்போம், ஆனால் கணக்கில் வராது. அதையே விதியாக்கினோம். விழுந்தவர் பேய் ஆகிறார், கைச்சீட்டைக் கழித்துவிடுகிறார், தன் முறை வரும்போது கட்டிலிருந்து ஒரு சீட்டைத் திறக்கிறார், அது அடியாக இருந்தால் பலம் 1 என்று வைத்து ஒருவரை அடிக்கலாம், வேறு எதுவாக இருந்தாலும் கழித்துவிடவேண்டும். பேய் ஜெயிக்கமுடியாது (ஒரே ஒரு விலக்கு கடைசிக் கேள்வியில் வரும்), ஆனால் யாரும் அதை மறக்கவும் முடியாது.

இதெல்லாம் வேண்டாம் என்றால் இன்னொரு வழி: முதல் ஆள் விழுந்ததும் ஆட்டம் முடிந்தது, அப்போது யாரிடம் உயிர் அதிகமோ அவருக்கு வெற்றி. நேரமும் பாதியாகும். எனக்கு இதுவே பிடிக்கும், பிள்ளைகளுக்குப் பேய்தான் பிடிக்கிறது, ஓட்டெடுப்பில் தோற்றேன்.

பேய் வேணும்னே ஒருத்தரைப் பழிவாங்குது. யார் ஜெயிக்கணும்னு தோத்தவன் முடிவு பண்ணலாமா?

கூடாது. எங்களுக்கும் இது நடந்தது: அண்ணன் மகள் விழுந்ததும் தன்னை விழவைத்தவரை மட்டுமே கடைசிவரை அடித்தாள், அவர் தோற்றார், ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. தனக்கு ஜெயிக்க வழியில்லாதவர் கையில் முடிவை ஒப்படைத்தால் அது இப்படித்தான் போகும்.

அதனால் பேய் யாரை அடிக்கும் என்பதைக் கட்டே சொல்லும்படி மாற்றினோம். ஒவ்வொரு அடிச் சீட்டின் மூலையிலும் ஓர் அம்புக்குறி போட்டோம், இடது அல்லது வலது. பேய் திறந்த சீட்டில் அம்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் உயிரோடிருக்கும் முதல் ஆளுக்கு அடி. பேயின் கோபத்துக்கு இடமில்லை, சிரிப்புக்கு நிறைய இடம்.

முதல்ல ஆடுறவனுக்கு லாபம் இல்லையா?

உண்டு, எல்லாரும் முழுக்கையோடு இருக்கும்போது அவர் ஓர் அடி முந்திக்கொள்கிறார். முதல் ஆள் முதல் முறையில் சீட்டு எடுக்காமல் ஆடட்டும், கடைசி ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை அதிகம். யார் முதல் என்பதற்குச் சாட் பூட் த்ரீ போதும்.

ஒருத்தர் தள்ளிவிட, அவரும் தள்ளிவிட, கடைசியில் அடி யாருக்கு?

நான் உங்களை அடிக்கிறேன், நீங்கள் 'தள்ளிவிடு' போட்டு அடுத்தவருக்கு அனுப்புகிறீர்கள், அவரிடமும் ஒரு 'தள்ளிவிடு' இருக்கிறது. இதற்கு மூன்று வரி எழுதிவையுங்கள். அடி யாரை நோக்கி நிற்கிறதோ அவர் மட்டுமே பதில் சீட்டு போடலாம். ஒரே அடிக்கு ஒருவர் ஒருமுறைதான் பதில் சொல்லலாம். அடித்தவருக்கே திருப்பி அனுப்பலாம், இல்லாவிட்டால் இரண்டு பேர் மிஞ்சும்போது அந்தச் சீட்டு குப்பை.

'மேஜிக்'கில் யார் வேண்டுமானாலும் நடுவில் நுழையலாம், கடைசியில் போட்டது முதலில் நடக்கும், 1999-இல் அதை ஒழுங்குபடுத்தி எழுதினார்கள். நன்றாக யோசித்த விதிதான், ஆனால் அதற்கு அவர்கள் வைத்திருக்கும் விதிப்புத்தகத்தின் பருமனைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

விதியில எழுதினதும் சீட்டுல எழுதினதும் முட்டிக்கிட்டா?

சீட்டில் எழுதியதே செல்லும். ஆனால் முட்டல் பெரும்பாலும் வார்த்தையால் வருவது. முறைக்கு ஓர் அடி என்று எழுதியிருந்தோம். 'சுழற்றி அடி' வித்தைதானே சித்தப்பா, அடி இல்லையே என்று சொல்லி ஒருத்தி இரண்டையும் ஒரே முறையில் போட்டாள். அவள் சொன்னது சரி, நாங்கள் எழுதியது தப்பு. "எதிராளியின் உயிரைக் குறைக்கும் சீட்டு முறைக்கு ஒன்று" என்று திருத்தினோம்.

ஆறு பேர், எட்டு பேர் ஆடலாமா?

ஆறு பேர் என்றால் உங்கள் முறை முடிந்து மறுபடி வர மற்ற ஐந்து பேர் ஆடவேண்டும், 45 நொடி வீதம் 3 நிமிடம் 45 நொடி. அதற்குள் எல்லாரும் போனை எடுத்துவிடுவார்கள். மூன்றுக்கு மூன்று என்று அணி பிரித்து மாற்றி மாற்றி உட்காரவையுங்கள், அல்லது எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்துச் சேர்ந்து திறக்கும்படி மாற்றுங்கள். எட்டு பேர் என்றால் இரண்டு கட்டு, இரண்டு பாய்.

ஆள் கூடும்போது 'சுழற்றி அடி' மேல் ஒரு கண் வையுங்கள். நாலு பேரில் அது 3 உயிர் எடுக்கும், ஆறு பேரில் 5. எழுத்து மாறவில்லை, பலம் மாறிவிட்டது. ஐந்துக்கு மேல் போனால் பக்கத்து இருவருக்கு மட்டும் என்று திருத்துங்கள்.

ஒரு சீட்டு ஓவர் பவரா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பத்து ஆட்டம் ஆடி எழுதிவையுங்கள்: யார் ஜெயித்தார், யார் முதலில் விழுந்தார், எவ்வளவு நேரம், கடைசி அடி எந்தச் சீட்டு. எல்லாரும் கழிக்கும்போது எந்தச் சீட்டை முதலில் வீசுகிறார்கள் என்று பாருங்கள், அது பலமில்லாதது. யாருமே வீசாதது பலம் அதிகமானது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது.

அப்புறம் ஒரு கடினமான பரீட்சை. விளையாட்டைப் பார்த்தே இராதவர்களிடம் விதித்தாளைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். அவர்கள் தப்பாக ஆடும் ஒவ்வொரு இடமும் நீங்கள் தப்பாக எழுதிய இடம்.

வேற விளையாட்டிலேருந்து விதி எடுக்கலாமா? கேஸ் போடுவாங்களா?

வீட்டில் ஆட எதையும் எடுக்கலாம். விற்கும் எண்ணம் இருந்தால், யோசனைக்குப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் பாதுகாப்பு தராது, அதை வெளிப்படுத்திய விதத்துக்கே தரும் என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லியிருக்கிறது. எனவே விதித்தாளை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள், படத்தை நீங்களே வரையுங்கள். நடிகர் படம், அடுத்தவர் விளையாட்டின் பெயர், சின்னம் எதுவும் வேண்டாம், அச்சுக்குப் போகும் முன் ஒரு வக்கீலைக் கேளுங்கள்.

கூட்டணி வச்சுக்கலாமா? "என்னை அடிக்காத, நான் அவனை அடிக்கிறேன்"னு பேசினா போங்காட்டம்தானே?

எல்லார் காதிலும் விழும்படி பேசினால் ஆட்டம், குசுகுசுவென்று பேசினால் போங்காட்டம். கொடுத்த வாக்கை மீறலாமா என்றால் மீறலாம், விதி தடுக்காது, அடுத்த ஆட்டத்தில் எப்படியும் திரும்பி வரும். சீட்டைக் கை மாற்றுவது மட்டும் கூடாது, அண்ணன் தம்பி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு வேலையே இருக்காது.

கடைசி ரெண்டு பேருக்கும் 2 உயிர்தான் இருக்கு, ஒருத்தர் 'முட்டி மோது' போட்டுட்டார். யாருக்கு வெற்றி?

எங்கள் வீட்டில் மூன்று விதி மாறிவிட்டது இதற்கு. முதலில் டிரா என்றோம், தோற்கப்போகிறவர் எல்லாரும் அந்தச் சீட்டைக் கடைசிவரை பதுக்கிவைத்தார்கள். பிறகு போட்டவருக்கு வெற்றி என்றோம், அப்போதும் பதுக்கினார்கள். இப்போது இரண்டு பேரும் விழுந்தால் முதலில் பேயானவருக்கு வெற்றி. அதற்கப்புறம் அந்தச் சீட்டை யாரும் கடைசிவரை வைத்திருப்பதில்லை, எங்கள் கடைக்குட்டி மட்டும் சீக்கிரமே செத்துப்போய் அதற்காகக் காத்திருக்கிறான்.